நாட்டுக்குச் செலவு வைத்த முழங்கால்

என் வலது முழங்கால் நாட்டுக்கு வருஷத்துக்கு எவ்வளவு நஷ்டம் உண்டாக்குகிறது என்பது ஐம்பத்தெட்டு வயது வரை எனக்குத் தெரியாமலே இருந்தது. தெரிந்திருந்தால் கொஞ்சம் அடக்கமாக நொண்டியிருப்பேன்.

என் பெயர் செவேரோ தங்காரா; மரியாதை தெரிந்தவர்கள் தோன் செவேரோ என்பார்கள். லா பாஸ் ஊரில், ரோத்ரீகெஸ் சந்தையில் சுமை தூக்குகிறேன். பதினேழு வயதில் முதுகுத் துணியைக் கட்டிக் கயிற்றைப் போட்டேன், இன்னும் அவிழ்க்கவில்லை. எங்கள் ஊரில் தெரு என்றால் ஏற்றம், அது இல்லையென்றால் இறக்கம். சமதரை வேண்டுமென்றால் கால்பந்து மைதானத்துக்குத்தான் போக வேண்டும்; அங்கே யாரும் உருளைக்கிழங்கு மூட்டை கேட்பதில்லை. நாற்பத்தொரு வருஷத்தில் மூட்டைகள், கட்டில்கள், ஃப்ரிட்ஜுகள், ஒரு தடவை ஒரு பியானோ, ஒரு தடவை குடித்துவிட்டு விழுந்து கிடந்த நகராட்சி ஆய்வாளர் என்று எல்லாவற்றையும் மேலே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். ஆய்வாளர்தான் கனம்.

முட்டி வீங்கி, பழுத்த பப்பாளி மாதிரி ஆன பிறகு சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டர் வில்மா எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இங்க பாருங்க, தோன் செவேரோ. ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கணும். உங்களுக்கு அது இல்ல."

"எங்க போச்சு டாக்டரம்மா?"

"தேஞ்சு போச்சு. தூக்கின ஒவ்வொரு மூட்டைக்கும் கொஞ்சம் கொஞ்சமா."

"அப்போ அது ஊர்ல எல்லார் வீட்டு மாடியிலயும் இருக்கும்."

டாக்டர் சிரிக்கவில்லை. நல்ல பெண். புது முட்டி வைக்க வேண்டும் என்றார். கத்தி இலவசம், தையல் இலவசம், கட்டில்கூட இலவசம். உள்ளே வைக்கிற இரும்பை மட்டும் நோயாளி வாங்கிக்கொண்டு வர வேண்டும். விலை பதினெட்டாயிரம் பொலிவியானோ. நல்ல நாளில் எனக்கு அறுபது கிடைக்கும். முந்நூறு நல்ல நாள் சாப்பிடாமல் தூக்கினால் சேர்ந்துவிடும். ஆனால் அந்த முந்நூறு நாள் தூக்குவதற்கு ஒரு முட்டி வேண்டும்.

"புதுசா ஒரு பேரவை திறந்திருக்காங்க," என்றார் டாக்டர். "மூட்டுத் தேய்மானத்தால நாட்டுக்கு எவ்வளவு நஷ்டம்னு கணக்கெடுக்கிறாங்க. ஒத்துழைக்கிறவங்கள்ல நூறு பேருக்கு முட்டி தர்றதா சுற்றறிக்கை வந்திருக்கு. போய்ப் பாருங்க."

தேசிய மூட்டுத் தேய்மானப் பொருளாதாரப் பேரவை ஒரு பழைய வங்கிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. முட்டி தேய்ந்தவர்களுக்கான அலுவலகத்தை நான்காம் மாடியில் ஏன் வைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கீழ்த்தளத்தில் கார்கள் இருந்தன.

லிஃப்ட் வாசலில் ஃபவுஸ்தோ என்ற காவலாளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். ஏரிக்கரைப் பக்கத்து ஆள்.

"லிஃப்ட் அதிகாரிங்களுக்கும் சரக்குக்கும்தான் அண்ணே. நோயாளிங்க படியில போகணும். எவ்வளவு நேரம் ஆகுதுன்னு மேல கடிகாரம் வெச்சுப் பாப்பாங்க. அதுதான் முதல் பரிசோதனை."

"ஏறவே முடியலன்னா?"

"வரலன்னு எழுதிக்குவாங்க."

எண்பத்தெட்டுப் படி. மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு கொத்தனார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எப்போது கிளம்பினீர்கள் என்று கேட்டேன். "நேத்து," என்றார். எனக்கு இருபத்தாறு நிமிஷம் ஆயிற்று. மேலே கடிகாரத்தோடு நின்றவர், இவ்வளவு சீக்கிரம் வந்தால் நோய் முற்றவில்லை என்று அர்த்தம் என்று முகத்தைச் சுளித்தார்.

என்னை விசாரித்தவர் லிசென்சியாதா மீர்த்தா பெரேதோ. சட்டை மடிப்புக் கலையாத எல்லாரையும் எங்கள் ஊரில் லிசென்சியாதோ, லிசென்சியாதா என்றுதான் கூப்பிட வேண்டும். பட்டம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பது மரியாதையில்லை. அந்த அம்மாளிடம் பதினான்கு பக்கக் கேள்வித்தாள் இருந்தது.

"இன்னிக்கு எத்தனை மணி நேர உற்பத்தி இழந்தீங்க?"

"இங்க வந்ததால முழு நாளும் போச்சு லிசென்சியாதா."

"மூட்டுத் தேய்மானத்தால ஒரு நாள் இழப்பு," என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

"மூட்டால இல்லீங்க. உங்களால."

"நாங்க எதனால இருக்கோம்? மூட்டுத் தேய்மானத்தால. அப்போ நோயாலதானே?"

சரி என்று தலையாட்டினேன். படித்தவர்களோடு பேசும்போது அடிக்கடி இப்படி ஆகிவிடுகிறது.

"இப்போ வலிக்கு விலை போடணும். இந்த வலி இல்லாம இருக்க நீங்க எவ்வளவு குடுப்பீங்க?"

"இருக்கிறத எல்லாம் குடுப்பேன்."

"எவ்வளவு இருக்கு?"

"இருநூத்தி நாப்பது. அப்புறம் எங்க வீட்டுக்காரியோட கஞ்சிப் பானை."

"பானை புதுசா?"

"ஒரு பக்கம் பிடி உடஞ்சிருக்கு."

"அப்போ பானைய விட்டுடலாம். உங்க வலி இருநூத்தி நாப்பது பொலிவியானோ." கட்டத்தில் எழுதிவிட்டு என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். "போன வாரம் தெற்கு வட்டாரத்து அம்மா ஒருத்தங்க. டென்னிஸ் ஆடி முட்டி போச்சு. தொண்ணூறாயிரம் குடுப்பேன்னாங்க. பாவம், எவ்வளவு வலிச்சிருக்கும், நினைச்சுப் பாருங்க!"

நினைத்துப் பார்த்தேன். அந்த அம்மாள் படியேறவில்லை. பேரவைதான் அவர் வீட்டுக்குப் போயிருந்தது.

கடைசியில் எல்லாவற்றையும் கூட்டினார். வேலை இழப்பு, மினிபஸ் கட்டணம், தைலம், வலி, என் மனைவி எனக்குக் கால் தேய்த்துவிடும் நேரம் எல்லாம் சேர்த்து, நான் நாட்டுக்கு வருஷத்துக்கு ஒன்பதாயிரத்து எழுநூறு பொலிவியானோ செலவு வைக்கிறேன் என்று தெரிந்தது. ஒரு சீட்டில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்.

என் மனைவி எவுலோஹியா காலையில் சந்தை வாசலில் ஊதாச் சோளக் கஞ்சி விற்பவள். சீட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள்.

"ஒன்பதாயிரத்து எழுநூறா? யாரு குடுத்தா?"

"நாடு."

"யாருக்குக் குடுத்துச்சு?"

"எனக்குத்தான் செலவாகுதாம்."

"கிழவா, எங்கிட்ட மறைக்காத. எங்க வெச்சிருக்க?"

சட்டைப் பையைத் தலைகீழாக உதறிக் காட்டினேன். மினிபஸ் சில்லறை விழுந்தது. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு நாள் கஞ்சி தரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் புத்தியோடு போனேன். சந்தையிலிருந்து ஒரு வெங்காய மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ஃபவுஸ்தோ முன்னால் நின்றேன். அவன் மூட்டையைக் கிள்ளிப் பார்த்தான். சரக்குதான் என்று உறுதியானதும் லிஃப்டைத் திறந்துவிட்டான். மேலே என் நேரம் ஒன்றரை நிமிஷம் என்று பதிவாயிற்று. பெரேதோ அம்மாள் பதறிப்போனார்.

"தோன் செவேரோ! ஒரே வாரத்துல குணமாயிட்டீங்களா? எங்க சராசரி என்ன ஆவுறது?"

உண்மையைச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. சுமை தூக்கத் தெரிந்த நோயாளி என்றால் நல்லதாயிற்று, கீழே கேள்வித்தாள் பெட்டிகள் வந்து கிடக்கின்றன, கொண்டுவாருங்கள் என்றார். பெட்டிக்கு ஐந்து பொலிவியானோ. பதினொரு பெட்டி ஏற்றினேன். லிஃப்ட் வாசலிலிருந்து கிட்டங்கிவரை நடைதான், ஆனாலும் முட்டி கத்தியது. கூலியை எண்ணி வாங்கும்போது அந்த அம்மாள் கையை நீட்டித் தடுத்தார்.

"கொஞ்சம் இருங்க. இத நீங்க வாங்கினா இன்னிக்கு உற்பத்தி இழப்பு இல்லைன்னு ஆயிடும். கணக்கு கெட்டுடும்."

"கணக்கு கெட்டா?"

"உங்க செலவு குறையும். செலவு குறைஞ்சா முட்டி வரிசையில பின்னால போயிடுவீங்க."

காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அறிவியல் கெடாமல் இருப்பதற்காக இலவசமாகத் தூக்கினேன்.

நவம்பரில் நான் இருபதாயிரத்தைத் தாண்டினேன். வந்து போன நாட்களும் என்னை விசாரித்தவர்களின் சம்பளமுமே பாதித் தொகை. அந்தச் செய்தியைக் கேட்டதும் பேரவைத் தலைவரே என்னைப் பார்க்க வேண்டும் என்றார். லிசென்சியாதோ ஃபப்ரீசியோ உர்க்கிதி. அவருடைய அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளியில் செய்த ஒரு முட்டி இருந்தது. ஏதோ மாநாட்டில் கொடுத்ததாம். எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

"இருபதாயிரம்! நீங்க வந்தப்போ வெறும் ஒன்பதாயிரத்துச் சொச்சம். நாங்கதான் உங்கள வளர்த்துவிட்டோம். உங்க முட்டி உங்களோடதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க, இல்ல? இல்லவே இல்ல. அது தேசத்தோட முட்டி. அதுக்காக நான் ஜெனீவாவுல கண்ணீர் விட்டேன். லிஸ்பன்ல கண்ணீர் விட்டேன். மார்ச்ல மாண்ட்ரியல்ல விடப்போறேன். இந்தப் பேரவை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இந்த நோய் நாட்டுக்கு எவ்வளவு செலவு வெச்சது தெரியுமா? யாருக்குமே தெரியாது! இப்போ எங்க சம்பளம், வாடகை, பயணம் எல்லாத்தையும் சேர்த்து மூணு சதவீதம் கூடியிருக்கு. இதுக்கு முன்னாடி எந்த அரசாங்கமும் இந்த நோய்க்கு இவ்வளவு முக்கியத்துவம் குடுத்ததில்ல."

நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று எனக்கு ஒரு தைரியம் வந்தது.

"லிசென்சியாதோ, எனக்குக் கணக்கு அவ்வளவா வராது. ஒரு முட்டி பதினெட்டாயிரம். நான் வருஷத்துக்கு இருபதாயிரம். முட்டிய வாங்கி வெச்சுட்டா நாட்டுக்கு முதல் வருஷமே ரெண்டாயிரம் மிச்சம்தானுங்களே?"

பெரேதோ அம்மாள் பேனாவை மூடினார். தலைவர் வெள்ளி முட்டியைப் பார்த்தார்.

"அந்தக் கணக்கு ரெண்டாம் கட்டத்துல வரும்," என்றார்.

"ரெண்டாம் கட்டம் எப்போங்க?"

"முதல் கட்டம் முடிஞ்சதும்."

"முதல் கட்டம்?"

"நோய் இருக்கிற வரைக்கும்."

அன்று வீட்டுக்குப் போய் எவுலோஹியாவிடம் சொன்னேன். அவள் பானையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஆள் முட்டிய மடக்கி உட்காருறானா?"

"நல்லா உட்காருறாரு. கால்மேல கால்."

"அப்போ அவனால ஆகாது. ஜனவரி வரட்டும்."

ஜனவரி இருபத்துநான்காம் தேதி எங்கள் ஊரில் அலசீத்தாஸ் சந்தை. அந்த வருஷம் வேண்டியதைக் குட்டியாக வாங்கி, சரியாகப் பகல் பன்னிரண்டு மணிக்குத் தூபம் காட்டிவிட்டால், வருஷத்துக்குள் அது பெரிதாகக் கைக்கு வரும். வீடு வேண்டுமென்றால் விரல் அளவு வீடு, லாரி வேண்டுமென்றால் தீப்பெட்டி அளவு லாரி. பத்திரங்களும் உண்டு: பட்டம், பாஸ்போர்ட், நிலப்பத்திரம். என் மைத்துனன் விவாகரத்துப் பத்திரம் வாங்கினான். எட்டு மாதத்தில் கிடைத்தது.

எவுலோஹியா குட்டிப் பத்திரம் அச்சடிக்கிறவரிடம் போய் முட்டி ஒப்புதல் ஆணை ஒன்று வேண்டும் என்றாள். அப்படி ஒன்றை இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார் அவர். ஆனாலும் தொழில்காரர். பேரவையின் சின்னத்தையும் தலைவரின் கையெழுத்தையும் செய்தித்தாள் விளம்பரத்தைப் பார்த்து வரைந்தார். 'செவேரோ தங்காராவுக்கு ஒரு முட்டி வழங்க இதனால் ஆணையிடப்படுகிறது' என்று எறும்பு எழுத்தில் அச்சடித்தார். கீழே வெற்றிடம் கண்ணை உறுத்தியது. "ஒரு முத்திரை கூட இருந்தா லட்சணமா இருக்கும்மா," என்று தானாகவே 'முட்டி ஒப்புதல் பிரிவு' என்று ஒரு முத்திரையும் போட்டுக் கொடுத்தார். அரை விரல் நீளம், இரண்டு விரல் அகலம். பன்னிரண்டு மணிக்குப் பூசாரி அதன்மேல் ஒயின் தெளித்து, பூவிதழ் தூவி, புகை காட்டினார்.

"உன் மூட்டுக் காகிதம் வெச்சிருக்கிற உறைக்குள்ள போட்டு வைக்கிறேன். அங்க இருந்தாதான் பழுக்கும்," என்றாள் எவுலோஹியா.

அவள் போட்டு வைத்தாள். நான் மறந்துபோனேன். அடுத்த செவ்வாயன்று உறையை அப்படியே பெரேதோ அம்மாளிடம் கொடுத்தேன்.

அவர் புரட்டிக்கொண்டே வந்தார். ஒரு காய்ந்த பூவிதழ் மேஜையில் விழுந்தது. பிறகு அந்தக் குட்டித் தாள். என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். அவருடைய மேஜைக் கண்ணாடிக்கு அடியில் விரல் நீளத்தில் ஒரு முனைவர் பட்டமும், பேரவையின் வேலை நியமன ஆணை ஒன்றும் இருந்தன. இரண்டிலும் ஒயின் கறை. நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்தார்.

"தூபம் காட்டினதா?" என்று மெல்லக் கேட்டார்.

"சரியா பன்னெண்டுக்கு."

அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, வரவு முத்திரையைக் குத்தினார். முத்திரை தாளைவிடப் பெரிதாக இருந்ததால் பாதி மேஜையில் விழுந்தது.

அதற்குப் பிறகு அதை நிறுத்த யாருக்கும் துணிவில்லை. தூபம் காட்டிய தாளை மறுப்பவனுக்கு அந்த வருஷம் முழுக்க எல்லாம் மறுக்கப்படும் என்பது எங்கள் ஊரில் கடைநிலை ஊழியரிலிருந்து துணை அமைச்சர் வரை தெரிந்த விஷயம். மேஜைக்கு மேஜை அது ஏறிப் போயிற்று. என்னைவிட வேகமாக ஏறியது. தலைவரிடம் கையெழுத்தைக் காட்டினார்கள். அவர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். எதையும் படித்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் அவருக்கு இல்லாததால், இதையும் போட்டிருக்கக்கூடும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். முதலில் ஒப்புக்கொண்டவர் அவரே.

சிக்கல் முத்திரையில் வந்தது. முட்டி ஒப்புதல் பிரிவு என்று ஒன்று பேரவையில் கிடையாது. யாருக்காவது முட்டி ஒப்புதல் ஆகும் என்று பேரவையைத் தொடங்கியவர்கள் எதிர்பார்க்கவில்லை. முத்திரை இருந்து பிரிவு இல்லாமல் இருப்பது முறைகேடு. எனவே பிரிவைத் தொடங்கினார்கள். ஒரு தலைவர், இரண்டு உதவியாளர்கள், ஒரு காப்பி இயந்திரம். இயந்திரத்தை நான்தான் மேலே கொண்டுபோனேன்.

அடுத்தது சட்ட ஆலோசகர். அவர் தாளை அடிக்கோலால் அளந்தார். மூன்று வாரம் யோசித்து எழுதினார்: ஆணை செல்லும். ஆனால் பேரவையின் வழக்கமான தாளில் எட்டில் ஒரு பங்கு நீளத்தில் அது அமைந்திருப்பதால், ஆணையிட்டவரின் நோக்கம் எட்டில் ஒரு பங்கு முட்டி என்றே கொள்ள வேண்டும். முழு முட்டி வழங்கினால் மீதி ஏழு பங்குக்குத் தணிக்கையில் யார் பதில் சொல்வது?

அந்த அளவில் முட்டி செய்கிறவர் உலகத்தில் யாரும் இல்லை. டெண்டர் விட்டார்கள். சுவிட்சர்லாந்தில் கைக்கடிகாரம் செய்கிற ஒரு பட்டறை மட்டும் தனியாகச் செய்து தர ஒப்புக்கொண்டது. முப்பத்தாறாயிரம் பொலிவியானோ. தரம் பார்க்கத் தலைவரும் பெரேதோ அம்மாளும் நேரில் போய்வந்தார்கள். அங்கேயும் அவர் கண்ணீர் விட்டார் என்று கேள்வி.

அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. முட்டிக்கு ஒப்புதல் ஆகிவிட்டது, ஜூனில் விழா என்று மட்டும்தான் சொன்னார்கள். எவுலோஹியா முப்பது வருஷத்தில் முதல் தடவையாக எனக்குப் புதுச் செருப்பு வாங்கினாள். "ரெண்டு காலும் ஒரே மாதிரி தேயும்ல இனிமே," என்றாள். சந்தையில் என் இடத்தை ஆறு வாரத்துக்கு இன்னொருவனிடம் ஒப்படைத்தேன். டாக்டர் வில்மாவிடம் ஒரு கட்டில் தயாராக வைக்கச் சொன்னேன்.

விழா நாளன்று லிஃப்டில் துணை அமைச்சர் வரப்போகிறார் என்று காலையிலிருந்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மரத்தாலான பேச்சு மேடை மட்டும் கீழே நின்றது.

"சரக்குக்கு இன்னிக்கு லிஃப்ட் இல்ல அண்ணே," என்றான் ஃபவுஸ்தோ, என் கண்ணைப் பார்க்காமல். "படியிலதான்."

எண்பத்தெட்டுப் படி. கடைசித் தடவை என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் கொத்தனார் இல்லை. அவர் தலை சாய்த்திருந்த இடத்தில் சுவரில் எண்ணெய்க் கறை இருந்தது. மேடையை இறக்கி வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்து, முன்வரிசையில் பயனாளி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

தலைவர் நான் கொண்டுவந்த மேடையில் ஏறி நின்றார்.

"துணை அமைச்சர் அவர்களே! ஒரு முட்டி கொடுக்கிறது பெரிய விஷயமில்ல. காசு இருந்தா எந்த முட்டாளும் குடுப்பான். ஆனா ஒரு முட்டியக் குடுக்கிறதுக்கு ஒரு நாடு எவ்வளவு யோசிக்கணும்? நாங்க யோசிச்சோம். முன்னூத்தி எழுபது கூட்டம் போட்டு யோசிச்சோம். நூறு முட்டி குடுக்க ஒதுக்கின பணத்த, ஏன் நூறு முட்டி குடுக்க முடியாதுங்கிற ஆய்வுக்கே முழுசா செலவு பண்ணியிருக்கோம். ஒரு காசு வீணாகல! அப்படியும் மிச்சம் பிடிச்சு, இதோ முதல் முட்டி. பழைய காலத்துப் பருமனான முட்டியில எட்டுல ஒரு பங்கு இரும்புதான் இதுல. இனி உலகமே இப்படித்தான் போகும்!"

வெல்வெட் தட்டில் அதைக் கொண்டுவந்தார்கள். அவரைக்கொட்டை அளவு. பளபளவென்று இருந்தது, மடக்கினால் மடங்கியது. இவ்வளவு நேர்த்தியான வேலையை நான் பார்த்ததே இல்லை.

நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள்.

"நன்றிங்க," என்றேன். "இத எங்க வெக்கிறது?"

"இதயத்துல!" என்றார் தலைவர். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பெரேதோ அம்மாள் மட்டும் தட்டவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் தட்டினார்.

மறுநாள் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு டாக்டர் வில்மாவிடம் போனேன். தேவாலயத்துக்காரர்கள் வருஷத்துக்கு நாலு பேருக்கு முட்டி வாங்கித் தருவார்கள். அந்தப் பட்டியலிலாவது என் பெயரைப் போடுங்கள் என்றேன். அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"முடியாது, தோன் செவேரோ. உங்களுக்கு முட்டி மாத்தியாச்சுன்னு வருது."

"எப்போ?"

"நேத்து."

"எந்த டாக்டர் மாத்தினாரு?"

"நான்தானாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லா வந்திருக்குன்னு வேற போட்டிருக்கு."

அந்த மாதக் கடைசியில் பேரவையிலிருந்து கடிதம் வந்தது. நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். நான் குணமாகிவிட்டதால் இனி நாட்டுக்கு என்னால் ஒரு காசும் செலவில்லை. என்னால் நாட்டுக்கு வருஷத்துக்கு இருபதாயிரம் மிச்சம். இதற்குமேல் நான் நொண்டினால் அது என் சொந்த விருப்பம். நான் இறந்தபின் முட்டியைப் பேரவையின் கண்காட்சிக்குத் திருப்பித் தர வேண்டும்.

எவுலோஹியா அந்தக் குட்டி முட்டியை எங்கள் வீட்டு எக்கேக்கோ பொம்மையின் கழுத்தில் நூல் கோத்துக் கட்டிவிட்டாள். எக்கேக்கோ எங்கள் செல்வச் சாமி. மீசை வைத்த குண்டு மனிதர்; அரிசி மூட்டை, வீடு, லாரி, பணக்கட்டு என்று ஊரார் ஆசைகளையெல்லாம் உடம்பு முழுக்கத் தொங்கவிட்டுக்கொண்டு கையை விரித்து நிற்பவர். நாற்பத்தொரு வருஷம் அதே வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கனத்துக்கு அவர் முட்டியும் போயிருக்கும். அளவும் அவருக்குச் சரியாகத்தான் இருந்தது.

நான் சந்தைக்குத் திரும்பினேன். என் இடத்தில் நின்றவன் விலகிக்கொள்ள மூன்று நாள் ஆயிற்று. செவ்வாய்க்கிழமைகளில் பேரவைக்கும் போனேன், நோயாளியாக இல்லை, பெட்டி தூக்க. இப்போது நான் குணமானவன் என்பதால் கூலி தந்தார்கள். இரண்டாம் கட்டம் தொடங்கப்போகிறதாம். பெட்டிகள் முன்னைவிடக் கனம். புதுச் செருப்பில் வலது பக்கம் மட்டும் தேய்ந்தது.

அடுத்த ஜனவரி இருபத்துநான்கு. சந்தைக்கு எவுலோஹியா முன்னால் நடந்தாள். நான் ஒரு தடியோடு பின்னால். பன்னிரண்டடிக்கக் கால் மணி இருந்தது. பத்திரம் அச்சடிக்கிறவர் அவளை அடையாளம் கண்டு, முட்டி வந்ததா அம்மா என்று கேட்டார். வந்தது என்றாள் அவள். நிற்காமல் அவரைத் தாண்டி, பிளாஸ்டர் பொம்மை விற்கிறவரிடம் போனாள்.

"வாங்க வாடிக்கைக்காரம்மா, என்ன வேணும்? வீடா, லாரியா?"

"ஒரு லிசென்சியாதோ வேணும்."

"மாப்பிள்ளைக்கா? டை கட்டினவன், பெட்டி வெச்சவன், ரெண்டும் இருக்கு."

"டை கட்டினவனே குடுங்க. ஆனா முட்டி தேஞ்சவனா இருக்கணும்."

அவர் அவளைப் பார்த்தார். பின்னால் தடியூன்றி நின்ற என்னைப் பார்த்தார். ஒரு பொம்மையை எடுத்து, சுண்டுவிரல் அளவு கத்தியால் இரண்டு முட்டியையும் வழித்துத் தேய்த்து, ஊதிக் காட்டினார்.

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் தேய்த்தார்.

"எத்தனை வேணும்?"

எவுலோஹியா யோசித்தாள். "அந்தக் கட்டடத்துல எத்தனை மாடி, கிழவா?"

"நாலு."

"மாடிக்கு ஒண்ணு குடுங்க."

பன்னிரண்டு மணிக்குத் தேவாலய மணி அடித்தது. பூசாரி ஒயின் தெளித்துப் புகை காட்டினார். நான் தொப்பியைக் கழற்றிக் கண்ணை மூடினேன். எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. இந்தத் தடவை அந்த முட்டித் தேய்மானம் முழு அளவில் வந்து சேர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.